தட்டாத வண்டி

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் வண்டி மறுபடியும் தட்டியது.

"உனக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றார் அளவுக்காரர், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனர் காதைச் சாய்த்தார். "டக டகன்னு ஒண்ணு கேக்குது அத்தான். யாரோ என்ஜினுக்குள்ள உக்காந்து கொட்டை உடைக்கிற மாதிரி."

"கேக்கலைன்னு சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்."

"அப்போ கேக்கலை அத்தான்."

"கேட்டதைக் கேக்கலைன்னு சொல்ற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது."

அளவுக்காரர் வண்டியைத் திருப்பினார். இறங்கும்போது ஒரு சத்தமும் இல்லை. இறக்கத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

எடை, அளவு ஆய்வாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரில் ஒரு தராசுகூட அவர் முன்னால் தலை சாய்த்ததில்லை. அவரும் எந்த நாற்காலியிலும் முதுகு சாய்த்ததில்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது முத்திரை குத்திய படிக்கல் மாதிரி. குறையாது, கூடாது. அப்படிப்பட்டவர் இன்று ஒரு காரின் தொண்டையிலிருந்து வரும் சத்தத்துக்குப் பயந்து பாதி மலையிலிருந்து திரும்பினார் என்றால், விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

விஷயம் ஏழு வருடம் பழையது. அப்போதுதான் அவர் தம் காருக்கு சூப்பர்சார்ஜர் வைத்தார். என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் கருவி அது. ஊதினால் வண்டிக்குப் பலம் வரும். ஆனால் அழுத்திய காற்று சூடாகும். சூடு மிஞ்சினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு என்ஜின் தட்டும். இதை வீட்டு மெக்கானிக் அன்றைக்கே பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"அதனால ஐயா, பாதித் தண்ணி, பாதி ஸ்பிரிட் கலந்து ஒரு சின்ன டாங்குல வெச்சிடலாம். மேட்டுல அழுத்தி மிதிக்கும்போது மட்டும் அது பொடியா உள்ள தெளிக்கும். சூடு அடங்கிடும், வண்டி தட்டவே தட்டாது."

"எங்க தாத்தா தொண்ணூறு வயசுலயும் கைத்தடி பிடிச்சதில்லை," என்றார் அளவுக்காரர். "எங்க அப்பா கடைசி வரைக்கும் மூக்குக்கண்ணாடி போட்டதில்லை. என் வண்டி மருந்து குடிச்சுத்தான் மேடு ஏறணுமா?"

"தாத்தா கடைசி ரெண்டு வருஷம் படுக்கையிலதான் இருந்தாரு," என்றார் அவர் மனைவி.

"படுத்திருந்தார். கைத்தடி பிடிக்கலை."

மெக்கானிக் அம்மாவைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அளவுக்காரரின் வாக்கு நின்றது. ஏழு வருடமாக வண்டி ஒரு முறைகூடத் தட்டவில்லை.

இது வீட்டோடு இருந்திருந்தால் பரவாயில்லை. நான்கு வருடங்களுக்கு முன் மகளுக்குக் கல்யாணம் பேசியபோது, மலைமேல் வீடு வைத்திருக்கும் சம்பந்தியும் ஒரு சூப்பர்சார்ஜர் வண்டிக்காரர் என்று தெரிந்தது. ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்ஜின் இருமினால் எந்த உறுப்பு இருமுகிறது என்று சொல்லிவிடும் காது அவருக்கு. அவர் தம் காரில் தண்ணீரும் ஸ்பிரிட்டும் தெளிக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டுவார். வெட்கமே கிடையாது.

"உங்க வண்டிக்கும் ஒண்ணு வெச்சுக்குங்க சம்பந்தி," என்றார் முதல் சந்திப்பிலேயே.

"என் வண்டிக்கு அது தேவைப்படாது."

"மலை ஏறும்போது தட்டுமே."

"என் வண்டி தட்டாது."

நான்கு வருடமாக அந்த வாக்கு மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. சம்பந்தி ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். ஒன்றும் கேட்காது. தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போவார். அந்தத் தலையாட்டலைப் பார்ப்பதற்காகவே அளவுக்காரர் மாதம் ஒரு முறை மலை ஏறினார் என்று சொல்வது மிகை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

இப்போது மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மனைவி துணைக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. மாப்பிள்ளையே வந்து அவரைக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை அளவுக்காரர் போய் மனைவி, மகள், பேரக்குழந்தை மூவரையும் அழைத்துவர வேண்டும். மூன்று வாரமாக வண்டி மேட்டில் தட்டுகிறது. இன்று வெள்ளிக்கிழமை.

"மெக்கானிக்கிட்ட விடலாமே அத்தான்," என்றார் மைத்துனர், வீடு வந்து இறங்கியதும்.

"அவன் என்ன சொல்லுவான் தெரியுமா? 'அன்னைக்கே சொன்னேனே ஐயா'ம்பான். வாயால சொல்லாட்டியும் மூஞ்சியால சொல்லுவான். வேற வழி சொல்லு."

மைத்துனர் நாற்றுப் பண்ணைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவிகள் விற்பவர். எந்தப் பிரச்சினையையும் தெளித்தே தீர்க்கலாம் என்று நம்புகிறவர். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அத்தான், சம்பந்தி வண்டியில இருக்கிறது என்ன? தெளிக்குது. தெளிக்கிறது என் தொழில். கைப்பம்பு வெச்ச தெளிப்பான் ஒண்ணு இருக்கு. ஆர்க்கிட் பூவுக்கே அடிக்கலாம், அவ்வளவு பொடியா விழும். குழாயை சூப்பர்சார்ஜர் வாய்ல சொருகிட்டா நான் முன் சீட்டுல உக்காந்து அடிச்சிட்டே வருவேன். ஏறினதும் கழட்டி சீட்டுக்கு அடியில போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

அளவுக்காரர் ஒரு காப்பி ஆறும் நேரம் யோசித்தார். கொடுத்த வாக்கு விழாமல் இருக்க ஒரு நாள் திரைமறைவில் முட்டுக் கொடுப்பது வாக்குத் தவறுவது ஆகாது. விழவிடுவதுதான் தவறு.

"ஸ்பிரிட்டை நான் வாங்கிட்டு வர்றேன்," என்றார். "அளவு என் கையில இருக்கட்டும்."

தெரிந்த கடை வேண்டாமென்று நாலு தெரு தள்ளியிருந்த மருந்துக்கடைக்குப் போனார். அங்கேயும் அவரைத் தெரிந்திருந்தது.

"சர்ஜிக்கல் ஸ்பிரிட், பன்னிரண்டு பாட்டில்."

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். "பன்னிரண்டா? என்ன ஆச்சுங்க ஐயா?"

பொய் சொல்வது அளவுக்காரருக்கு வராது. உண்மையை முழுக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. "மேடு ஏறினா கொஞ்சம் தட்டுது," என்றார்.

"எங்க?"

"உள்ள."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"சமதரையில?"

"சமதரையில ஒண்ணும் இல்லை. மேட்டுலதான். உள்ள சூடும் ஏறிடுது."

மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "பார்க்க வேண்டியவர்கிட்ட காட்டினீங்களா?"

"அவன்கிட்ட போக எனக்கு விருப்பமில்லை. 'அன்னைக்கே சொன்னேனே'ம்பான்."

"இந்த ஸ்பிரிட்டை வெச்சு என்ன பண்ணப் போறீங்க ஐயா?"

"பாதிக்குப் பாதி தண்ணி கலந்து உள்ள விடப் போறோம்."

கடைக்காரர் வெலவெலத்துப் போனார். அலமாரியில் வரிசையாக நின்ற பாட்டில்களைத் தம் முதுகால் மறைத்துக்கொண்டு, இரண்டுதான் இருக்கிறது என்றார். இரண்டையும் கொடுக்கும்போது ஒரு இதய மருத்துவரின் முகவரியையும் சேர்த்துக் கொடுத்தார். "வீட்டுல அம்மா இல்லையாங்க ஐயா?"

"மலைமேல இருக்கா. ஞாயிற்றுக்கிழமை ஏறி வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"ஏறாதீங்க ஐயா," என்றார் அவர்.

இரண்டு பாட்டில் போதாது. மிச்சத்துக்கு மைத்துனரை அனுப்பினார். அவர் ஐந்து கடை ஏறி இறங்கி, ஐந்து கடையிலும் "அத்தானுக்குத்தான்" என்று சொல்லி, கடைக்கு இரண்டாக வாங்கிவந்தார். அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி மலை ஏறிவிட்டது.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது.

"அப்பா," என்று மகள் அழுதாள். "உங்களுக்கு நெஞ்சுல தட்டுதாமே. மூணு வாரமாமே. டாக்டரே வேண்டாம்னுட்டீங்களாமே."

"எனக்கு ஒண்ணும் தட்டலைம்மா."

"அப்போ எதுப்பா தட்டுது?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சம்பந்தி வீட்டுத் தொலைபேசியில் சொல்ல முடியாது. "குழந்தை தூங்குதா?" என்றார் அளவுக்காரர். பேச்சை மாற்றியதை மகள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். அடுத்து சம்பந்தியின் குரல் வந்தது.

"சம்பந்தி, நீங்க அசையக் கூடாது. நாளைக்குக் காலையில நானே வந்து, என் வண்டியில உங்களைப் படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்துடறேன்."

சம்பந்தியின் காரில், அந்தத் தெளிப்பான் தெளிக்கத் தெளிக்க, பின்சீட்டில் படுத்துக்கொண்டு மலை ஏறுவது. அளவுக்காரரின் முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

"தேவையில்லை சம்பந்தி. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்குப் பத்து மணிக்கு என் வண்டி உங்க வாசல்ல நிக்கும். நானே ஓட்டிட்டு வர்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மைத்துனர் கையில் தெளிப்பானோடு நின்றார். "அத்தான், சோதிச்சுப் பார்க்க ஒரு நாள் இருக்குன்னு நினைச்சேன்."

"இல்லை."

இருட்டுவதற்குள் குழாயைச் சொருகினார்கள். அளவுக்காரர் தம் முத்திரையிட்ட செம்புக் குவளையால் தண்ணீர் ஒன்று, ஸ்பிரிட் ஒன்று என்று அளந்து கலந்தார். ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தபோது மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி அளந்தார். முற்றத்தில் நின்ற வண்டியின் என்ஜினை ஓடவிட்டு மைத்துனர் பம்பை அடித்தார். என்ஜின் மூன்று தடவை தும்மிவிட்டு அணைந்தது.

"சும்மா நிக்கும்போது அடிச்சா மூழ்கிடும்," என்றார் அளவுக்காரர். "நான் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் அடிக்கணும். நான் 'தெளி'ன்னா தெளி. 'நிறுத்து'ன்னா நிறுத்து. நீயா எதுவும் யோசிக்காதே."

"நான் எப்ப அத்தான் யோசிச்சேன்?"

வண்டியை அணைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே இருபது தடவை ஒத்திகை பார்த்தார்கள். தெளி, நிறுத்து, தெளி, நிறுத்து. பக்கத்து வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்து மெல்ல மூடிக்கொண்டது.

காலையில் கிளம்பினார்கள். முதல் இரண்டு வளைவும் சாதாரணமாகக் கடந்தன. மூன்றாவது வளைவில் டக டக என்று ஆரம்பித்ததும் அளவுக்காரர், "தெளி," என்றார்.

தட்டல் நின்றது. யாரோ வாயைப் பொத்தின மாதிரி நின்றது.

"அத்தான்," என்றார் மைத்துனர், கண் கலங்க.

"பேசாதே. நிறுத்து."

நான்காவது வளைவும் அப்படியே போயிற்று. அதற்கு மேல் ஒரு மரலாரி முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. அது நின்று நின்று போக, இவரும் மிதித்து மிதித்து விட வேண்டியதாயிற்று. தெளி. நிறுத்து. தெளி. தெளி. நிறுத்து என்றேனே. மைத்துனரின் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியது. ஐந்தாவது வளைவில் குழாயின் இணைப்பு தளர்ந்து, பாதிக் கலவை என்ஜினுக்கும் பாதி மைத்துனரின் சட்டைக்கும் போனது. அவர் இணைப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தார்.

ஆறாவது வளைவு தாண்டியதும் சம்பந்தி வீட்டுக் கேட் தெரிந்தது. கேட்டில் சம்பந்தி, காதைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"நிறுத்து," என்றார் அளவுக்காரர்.

"நிக்கலை அத்தான். பிடி சிக்கிக்கிச்சு."

"நிறுத்துன்னு சொன்னேன்."

"நான் எப்பவோ நிறுத்திட்டேன். அதுதான் நிறுத்த மாட்டேங்குது."

வண்டி தட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். தும்மியது, விக்கியது, பின்னால் வெள்ளையாக ஆவி விட்டது, கேட்டுக்கு முப்பது அடி முன்னால் அணைந்து நின்றது. ஆனால் தட்டவில்லை.

அளவுக்காரர் கதவைத் திறந்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

"என்ன சம்பந்தி, அங்கேயே நின்னுடுச்சு?"

"நிழல் இருக்கு. வண்டியை நிழல்ல நிறுத்தறது நல்லது."

அது பொய்யில்லை. மரம் இருந்தது.

சம்பந்தி மூக்கை உறிஞ்சினார். "ஸ்பிரிட் வாசனை வருதே."

அளவுக்காரருக்குத்தான் பொய் வராது. மைத்துனர் வேறு வீட்டுப் பிள்ளை, அவருக்குப் பொய் வரும். அவர் அதற்குள் கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "நான்தான். கையில காயம். கொஞ்சம் ஸ்பிரிட் தடவினேன்."

"சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு," என்றார் சம்பந்தி.

"பெரிய காயம்."

சம்பந்தியம்மா மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். அவர் மைத்துனரின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். கைக்குட்டையை அவிழ்த்ததும், "அட, நிஜமாவே கொப்புளம்," என்று அவர் சொன்னது வாசல் வரை கேட்டது. "நிஜமாவா?" என்று மைத்துனர் ஆச்சரியப்பட்டதும் கேட்டது. அடுத்த அரை மணி நேரத்தில் அந்தக் கை, குத்துச்சண்டைக்காரன் கைபோல ஆகிவிட்டது.

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கணவரை மேலும் கீழும் பார்த்தார். "நெஞ்சு எப்படிங்க இருக்கு?"

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு."

"அப்போ தட்டினது?"

அளவுக்காரர் குழந்தையின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். சின்னப் பாதம். நேரான விரல்கள். தம் வீட்டுக் கால் என்று தோன்றியது.

"சரி, எது தட்டினாலும் சரியாயிடும்," என்றார் மனைவி. நிழலில் நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குழந்தையோடு உள்ளே போனார். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டதில் அளவுக்காரருக்கு, யாரும் பார்க்காதபோது, முதுகு கொஞ்சம் இளகியது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்ததும் அவர் தனியாகப் போய் குழாயைப் பிடுங்கினார். இணைப்பைச் சரியாக மூடினார். இனி இந்தக் கேவலம் வேண்டாம் என்று முடிவு செய்தார். தெளிப்பானை எங்கே போடுவது என்று நின்றபோது சம்பந்தி வந்துவிட்டார்.

"கையில என்ன சம்பந்தி?"

"உங்க ரோஜாச் செடிக்கு," என்றார் அளவுக்காரர், நீட்டியபடி. "பூ வாடாம தெளிக்கலாம்."

சம்பந்திக்கு ஒரே சந்தோஷம். உடனே நாலு செடிக்கு அடித்துப் பார்த்தார். "நல்லா பொடியா விழுதே," என்று பாராட்டினார். பிறகு, "நாளைக்கு நானும் உங்களோட டவுனுக்கு வர்றேன். ஒரு வேலை இருக்கு. உங்க வண்டியில உக்காந்து எத்தனை நாள் ஆச்சு," என்றார்.

அளவுக்காரர் தெளிப்பானைப் பார்த்தார். அது இப்போது அடுத்தவர் சொத்து. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் அவர் வீட்டில் இல்லை. கேட்டாலும், அடிக்க வேண்டிய கை கட்டுப்போட்டு மேஜைமேல் கிடந்தது. மலை இறக்கம்தானே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பாதி வழியில் பள்ளத்தாக்கைத் தாண்டி ஒரு நீண்ட மேடு உண்டு. ஐந்து பேரும் ஒரு குழந்தையும் மூட்டைகளுமாக அதை ஏற வேண்டும். பக்கத்துச் சீட்டில் அந்தக் காது இருக்கும்.

காலையில் எழுந்தபோது அவர் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார். தட்டினால், தட்டுகிறது என்று தம் வாயாலேயே சொல்லிவிடுவது. அடுத்தவர் கண்டுபிடிக்கத் தலைகுனிவதைவிட, தானே சொல்லித் தலைநிமிர்ந்து தோற்பது மேல்.

கிளம்ப நேரமாயிற்று. மூட்டைகளை டிக்கியில் அடுக்க மனைவிக்கு அரை மணி பிடித்தது.

"அதுல என்ன அவ்வளவு நேரம்?" என்றார் அளவுக்காரர்.

"குழந்தை சாமான். உருளாம வைக்கணும்ல."

இறங்கினார்கள். பள்ளத்தாக்கு வந்தது. பாலம் வந்தது. மேடு தொடங்கியது. பின்சீட்டில் மகளும், மனைவியும், மடியில் குழந்தையும், ஓரத்தில் கட்டுக் கையோடு மைத்துனரும். சம்பந்தி முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். கேட்பதற்கு வசதியாக.

அளவுக்காரர் அழுத்தி மிதித்தார். சூப்பர்சார்ஜர் மெல்ல ஊளையிட்டது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் தயாராக வைத்துக்கொண்டார். 'சம்பந்தி, என் வண்டி தட்டுகிறது.' நாலே வார்த்தை.

வண்டி ஏறியது. முதல் வளைவு. ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவு. ஒன்றுமில்லை. மேட்டின் நெட்டுக்குத்தான பகுதி. குழந்தையின் குறட்டை கேட்டது. பட்டுத்துணி கிழிகிற மாதிரி என்ஜின் சத்தம் கேட்டது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

உச்சியில் சம்பந்தி கண்ணைத் திறந்தார். "இத்தனை பேரை ஏத்திக்கிட்டு இந்த மேட்டுல ஒரு தட்டல் இல்லை."

வெற்றியைப் பிடுங்கித் தின்பது அழகல்ல. ஒரு வளைவு கழித்து அளவுக்காரர் சொன்னார். "நான் நாலு வருஷமா சொல்றது அதுதானே."

"ஒத்துக்கிறேன் சம்பந்தி. வண்டின்னா இது வண்டி. என்னுடையதைப் பத்தி எனக்கே வெக்கமா இருக்கு. நாளைக்கே அந்தத் தெளிப்பானைக் கழட்டிடறேன்."

"வேண்டாம். உங்க வண்டிக்குத் தேவைப்படுது, இருக்கட்டும்," என்றார் அளவுக்காரர் பெருந்தன்மையாக. "ஒவ்வொரு வீட்டு வளர்ப்பு ஒவ்வொரு மாதிரி."

பின்சீட்டில் மைத்துனருக்கு இருமல் வந்தது. மனைவி குழந்தையின் போர்வையைச் சரி செய்தார்.

மூன்று வாரத் தட்டல் கெட்ட பெட்ரோலாகத்தான் இருக்க வேண்டும் என்று அளவுக்காரர் முடிவு செய்துவிட்டார். என்ன கோளாறு வந்தாலும் பரம்பரைக் குணம் கடைசியில் தலைதூக்கத்தான் செய்யும். சந்தேகப்பட்டதற்காகத் தம் வண்டியிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டார். மலை அடிவாரம் வந்தபோது அவர் மனம் அத்தனை நிறைந்திருந்தது, நேராக வீட்டுக்குப் போக முடியவில்லை. வண்டியை மெக்கானிக்கின் பட்டறை வாசலில் நிறுத்தினார்.

"இங்க எதுக்குங்க?" என்றார் மனைவி. அவர் குரலில் முதல் முறையாக ஒரு அவசரம் இருந்தது. "குழந்தை முழிச்சிடும். வீட்டுக்குப் போகலாம்."

"ஒரு நிமிஷம். சம்பந்தி ஒரு மூணாவது மனுஷன் வாயால கேக்கட்டும்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அளவுக்காரர் சம்பந்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நீதிமன்றத்தில் சாட்சியைக் கேட்பதுபோல் கேட்டார்.

"ஏழு வருஷமா இந்த வண்டியைப் பார்க்கிறே. மேட்டுல தட்டுதுன்னு ஒரு நாளாவது உன்கிட்ட கொண்டுவந்திருக்கேனா?"

"இல்லைங்க ஐயா."

"அன்னைக்கு நீ தெளிக்கிற டாங்கு ஒண்ணு வேணும்னே. நான் என்ன சொன்னேன்?"

"வேண்டாம்னீங்க ஐயா." மெக்கானிக் தரையைப் பார்த்தார். "உங்க வார்த்தையை மீறி உங்ககிட்ட நான் எதுவும் பேசலைங்க."

"கேட்டீங்களா சம்பந்தி?"

"கேட்டேன், கேட்டேன்," என்று சம்பந்தி கை குவித்தார்.

அளவுக்காரர் மூச்சை ஆழமாக இழுத்து விட்டார். வெயில் இதமாக இருந்தது. பேரக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி வீடு திரும்பிவிட்டார். வாக்கு நின்றது. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, பட்டறையின் சாமான் அறையிலிருந்து மெக்கானிக்கின் மனைவி இரண்டு கைகளிலும் இரண்டு வெள்ளைக் கேன்களோடு வெளியே வந்தார். வண்டிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆண்கள் யாரும் அவர் கண்ணில் படவில்லை. பின்சீட்டு ஜன்னலில் தெரிந்த முகத்தைத்தான் பார்த்தார். மலர்ந்து சிரித்தார்.

"வாங்கம்மா, காலையில போன்ல அளவு கேட்டுக்கிட்டு அங்க கிடைச்ச ஸ்பிரிட்டை டிக்கிக்கு அடியில இருக்கிற டாங்குல ஊத்தினீங்களே, அது இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் தாங்கும், ஏழு வருஷமா வாராவாரம் நான் கலந்து கொடுக்கிறதை ஊத்துங்க, அப்பதான் ஐயா வண்டி எப்பவும்போல தட்டாம ஏறும்."